ஓதம் விலகும் நேரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சென்ற மார்கழித் திங்களில் நம் காலனியிலிருந்து 9 குடும்பங்கள் பாவ்நகர், கோலியாக், டையூ ஆகிய கடற்கரைகளுக்குச் சென்று திரும்பினோம். அந்தப் பயணத்தைப் பற்றி இன்று பேச வேண்டுமென்று செயற்குழுவினர் பணித்தனர். புறப்பட்டோம், கண்டோம், உண்டோம், திரும்பினோம் என்று சொல்லி முடிப்பதானால் ஐந்து நிமிடம் போதும். அதற்காக உங்களை இந்தச் சித்திரை வெயிலில் உட்கார வைப்பது முறையன்று. ஆகவே, அந்தக் கரையில் கடல் நாள்தோறும் இருமுறை செய்துவரும் ஒரு பெருஞ்செயலைப் பற்றியும், கல்லைக் குடைந்து அது குகையாக்கியிருக்கும் வகையைப் பற்றியும் பேசக் கருதுகிறோம். இப்போது பேசும் நாமோ ரயில்வே எழுத்தர். மெட்ரிகுலேஷனோடு பள்ளியை விட்டவர். கல்லூரி விரிவுரையை எவரும் எதிர்பார்க்க வேண்டா. கண்டதும் கேட்டதும் படித்ததுமே இந்த உரை.

நம்மில் பலர் இராமநாதபுரம், தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். சிறு வயதில் நாம் கண்ட கடல் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும் கடல். அலை வரும், போகும். ஆனால் நீர்மட்டம் காலைக்கும் மாலைக்கும் பெரிதாக மாறியதாக நமக்கு நினைவில்லை. சென்னைத் துறைமுகத்தில் நீர் மிக ஏறியிருக்கும் நேரத்துக்கும் மிக வற்றியிருக்கும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஓதம் என்னும் சொல் சங்க நூல்களிலேயே உண்டு. ஆயினும் அந்தச் சொல்லின் முழு வலிமையையும் காண நாம் குஜராத்துக்கு வரவேண்டியிருந்தது. காம்பத் வளைகுடாவில், பாவ்நகர் கரையில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வேறுபாடு 10 மீட்டரையும் கடக்கிறது. மூன்று மாடி வீட்டின் உயரம்! இந்தியக் கரைகளில் இதற்கு நிகர் வேறில்லை. காலையில் மூன்றாம் மாடியில் நின்ற நீர் நண்பகலில் வாசற்படிக்கு இறங்கி, மாலையில் மறுபடியும் மாடியேறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இஃது ஏன் இங்கு மட்டும்? சந்திரனும் சூரியனும் கடலை இழுப்பதால் ஓதம் உண்டாகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நடுக்கடலில் அந்த ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆனால் காம்பத் வளைகுடாவின் வடிவத்தைப் படத்தில் பாருங்கள். தெற்கே வாய் அகன்று, வடக்கே போகப் போகக் குறுகி, அடியும் மேடிட்டுக்கொண்டே செல்கிறது. நம் வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைப் போன்ற வடிவம். அகன்ற வாயில் நுழைந்த நீர் பக்கவாட்டில் பரவ இடமின்றி, அடியிலும் ஆழமின்றி, மேலே எழுவதைத் தவிர வேறு வழியற்றுப் போகிறது. சபர்மதி, மகி, நருமதை, தபதி ஆகிய ஆறுகள் கொண்டுவரும் வண்டலெல்லாம் இந்த ஓட்டத்தில் ஓயாமல் கலங்குவதால், அந்தக் கடல் நீலமாக இராது; செம்மண் குளம் போலவே தோன்றும். நீலக் கடலைக் காட்டுவதாகக் குழந்தைகளிடம் வாக்களித்த பெற்றோர் சிலர் முதல் நாளே சங்கடப்பட்டனர்.

இன்னொரு செய்தி. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். அதாவது ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிப் போகிறது. இதை நம் பஞ்சாங்கக் கணக்கில் சொன்னால் இன்னும் எளிது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு சந்திர மாதத்துக்கு 30 திதி. ஆகவே ஒரு திதிக்கு 2 நாழிகை. இரண்டு நாழிகை என்பது 48 நிமிடம். திதி ஒன்று ஏறினால் ஓதம் இரண்டு நாழிகை தாமதிக்கும் என்று வைத்துக்கொண்டால் கடிகாரக் கணக்குக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. பாவ்நகர்ப் பக்கத்து மீனவர்கள் இன்றும் திதியைச் சொல்லியே நீரின் நேரத்தைச் சொல்கிறார்கள். ஏற்றத்தைப் பர்த்தி என்றும் வற்றத்தை ஓட் என்றும் அவர்கள் மொழியில் கூறுவர். ரயில்வே ஊழியர்களுக்குக் கால அட்டவணையின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த அட்டவணையில் தாமத அறிவிப்பு என்பதே கிடையாது.

ஆமதாபாத்திலிருந்து போட்டாட் வழியாகப் பாவ்நகர் செல்லும் பாதையில் போட்டாட் வரையிலான பகுதி நெடுங்காலம் மீட்டர் கேஜ் பாதையாக இருந்து, 2022-இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. அந்தப் பாதையில் லோத்தல்–புர்க்கி என்றொரு நிலையம் உண்டு. வண்டி அங்கே வந்தபோது எங்கள் குழுவில் பாதிப்பேர் உறக்கத்தில் இருந்தனர், எழுப்பினோம். காரணம், அந்த நிலையத்திலிருந்து சில கல் தொலைவில்தான் லோத்தல் இருக்கிறது. 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த ஊர். 1955 முதல் 1960 வரை எஸ். ஆர். ராவ் அவர்கள் அங்கே அகழ்ந்தபோது, சுட்ட செங்கல்லால் கட்டிய பெருந்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. நீளம் 200 மீட்டருக்கு மேல். அகலம் 35 மீட்டருக்கு மேல். ஓதம் ஏறும்போது கப்பலை உள்ளே கொண்டுவந்து, வற்றும்போது நீரை அடைத்துக் காக்கும் துறை அது என்பது ராவ் அவர்களின் கருத்து. அது வெறும் நீர்த்தேக்கமே என்று வாதிடும் அறிஞர்களும் உள்ளனர். எங்களுக்கு ராவ் அவர்கள் பக்கமே மனம் சாய்கிறது. ஏனெனில் அதே உபாயத்தையே பிற்காலத்தில் பாவ்நகர்த் துறைமுகத்தார் கதவணை கட்டிக் கையாண்டிருக்கின்றனர். வற்றத்தின்போது கப்பல் சேற்றில் சாயாமலிருக்க, நீரைக் கதவுக்குள் சிறைவைக்கிறார்கள்.

இந்த ஓதத்தைப் பழங்காலத்து அயல்நாட்டாரும் கண்டு திகைத்திருக்கின்றனர். கி.மு. 325-இல் சிந்துநதியின் முகத்துவாரத்தில் அலெக்சாந்தரின் கப்பல்கள் வற்றத்தில் தரைதட்டியபோது, அத்தகைய ஓதத்தை அறியாத அவனுடைய வீரர்கள் கலங்கினர் என்று அவன் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் அறியப்படாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய ‘எரித்திரேயக் கடற் பெரிப்ளுசு’ என்னும் நூல் இன்னும் விரிவாகச் சொல்கிறது. பரிகாசா எனப்படும் பரூச் துறைக்குள் நுழைவது பெரும்பாடு; அரசனின் பணியிலிருக்கும் மீனவர்கள் நீண்ட படகுகளில் எதிர்கொண்டு சென்று, ஓதத்தின் ஏற்றத்தைப் பார்த்துக் கப்பல்களை இழுத்து வருவர்; நீர் வருமுன் தொலைவில் படை முழங்குவது போன்ற ஓசை கேட்கும் என்று அவர் விவரிக்கிறார். அதே நூல்தான் முசிறியையும், நம் கிழக்குக் கரைத் துறைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பரூச்சில் ஓதத்துக்கு அஞ்சிய அம்மனிதர், நம் கரையைச் சொல்லும்போது அப்படியொரு முழக்கத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதை இங்கே கவனிக்கலாம்.

நிற்க. இனி கோலியாக்குக்கு வருவோம்.

பாவ்நகரிலிருந்து 25 கிலோமீட்டர் அளவில் உள்ள சிற்றூர் அது. கரையில் நின்றால், கடலுக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் கொடிமரம் ஒன்று தெரியும். அங்கே ஒரு கல்மேடை, மேடைமீது ஐந்து சிவலிங்கங்கள், எதிரே நந்திகள். மேற்கூரை இல்லை, சுவர் இல்லை. நிஷ்களங்க மகாதேவர் என்பது பெயர். களங்கமற்றவர் என்று பொருள். பாரதப் போரில் சுற்றத்தாரைக் கொன்ற பழியோடு பாண்டவர்கள் ஒரு கரிய கொடியையும் கரிய பசுவையும் பின்தொடர்ந்து நடந்தார்களாம். எங்கே அவ்விரண்டும் வெண்மையாகின்றனவோ அங்கே பழி நீங்கும் என்பது வாக்கு. இந்தக் கரையில் வெண்மையாயின என்பது தலவரலாறு. ஏற்றத்தின்போது மேடை முழுவதும் மூழ்கிவிடும். கொடி மட்டும் நீர்மேல் நிற்கும். வற்றத்தின்போது மக்கள் நடந்து சென்று வழிபட்டுத் திரும்புகின்றனர். பாதர்வி அமாவாசையன்று, அதாவது பெரும்பாலும் நம் ஆவணி அமாவாசையன்று, பெருந்திருவிழா நடைபெறும்.

எங்கள் குழுவில் ஒரு மூத்த அம்மையார் இருந்தார். இன்று இந்த அவையிலும் இருக்கிறார். அவருடைய இசைவைப் பெற்றே இதைக் கூறுகிறோம். அவருடைய கணவர் இருப்புப்பாதைப் பராமரிப்பில் 32 ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர், 2023-இல் காலமானார். சொந்த ஊர் தேவிபட்டினம் அருகே. தம் அஸ்தியை இராமேசுவரத்தில் கரைக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஆண்டில் பாம்பன் பழைய பாலத்தில் வண்டிகள் ஓடவில்லை. 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, புதிய பாலம் 2025 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. பாலம் திறந்ததும் போகலாம் என்று காத்திருந்தனர். திறந்தபோது மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டும் கிடைக்கவில்லை. அதற்குள் அம்மையாரின் முழங்கால்கள் நெடும்பயணத்துக்கு ஒத்துழைக்க மறுத்தன. பித்தளைச் செம்பின் வாயைத் துணியால் கட்டி, வீட்டுக்குள் வைக்கலாகாது என்பதால் பின்புறத்து வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்தனர். காலனிக் குழந்தைகள் அந்த மரத்தடியில் விளையாடப் போகமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

பயணத்துக்குப் பெயர் கேட்டபோது அவர் தாமாகவே வந்து, செம்பையும் எடுத்து வருவதாகச் சொன்னார். மகனுக்கு உடன்பாடில்லை. “அப்பா இராமேசுவரம் என்றுதானே சொன்னார்?” என்று அவர் வருந்தினார். காலனியில் ஒரு வாரம் இதே பேச்சு. சாத்திரம் அறிந்தவர்கள் ஒருபக்கமும், பயணச்செலவு அறிந்தவர்கள் மற்றொரு பக்கமுமாகப் பேசினர். முடிவில் அம்மையார் மகனிடம் சொன்னது இதுதான்: “முப்பத்திரண்டு வருசம் இந்த ஊர்த் தண்டவாளத்தைத்தானப்பா பார்த்துக்கிட்டுக் கிடந்தாரு. இந்த ஊர்க் கடல் மட்டும் அவருக்கு ஆகாதா?” அதன்பின் எவரும் பேசவில்லை.

அமாவாசைக்கு மறுநாள், பிரதமை திதியில் கோலியாக் சென்றோம். பத்து மணிக்குக் கரையில் இருக்க வேண்டிய நாங்கள், வழியில் பேருந்துச் சக்கரம் பழுதானதால் பதினொன்றுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். கரையில் தேங்காய் விற்கும் முதியவர் ஒருவரிடம், எவ்வளவு நேரம் இருக்கிறது என்று விசாரித்தோம். “கோயிலுக்குப் போக நிறைய நேரம் இருக்கிறது, ஒன்றரை மணிக்குள் கரையேறிவிட்டால் போதும்” என்றார். பிறகு அம்மையாரின் மடியில் இருந்த செம்பைப் பார்த்தார். பார்த்ததும் அவர் குரல் மாறியது. “பா, இதற்கு என்றால் நேரம் இல்லை” என்றார். அவ்வூரில் தாயைப் பா என்று அழைப்பர். நீர் இன்னும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு மணியளவில் நிற்கும். நின்று திரும்பிய பிறகு கரைத்தால், கரைத்ததெல்லாம் கரைக்கே திரும்பி வந்து சேற்றில் படியும். வெளியேறும் நீரில் விட்டால்தான் ஆழக்கடலுக்குப் போகும். அவர் விளக்கியது இவ்வளவே.

எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. வழியோ பாசி படிந்த கல்லும் வழுக்கும் சேறும். நல்ல கால் உள்ளவர்களே அரைமணி நேரம் நடக்க வேண்டும். அம்மையார் நூறு அடி நடந்ததும் நின்றுவிட்டார். தேங்காய்க் கடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி, அதில் அவரை அமர்த்தி, நம் இளைஞர்கள் நால்வர் நால்வராக மாற்றி மாற்றித் தூக்கிச் சென்றனர். கணுக்கால்வரை சேற்றில் புதைந்தது. ஒருமுறை நாற்காலி சாய்ந்து, அம்மையார் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டார். அதைத் தவிர அவர் முகத்தில் அச்சம் காணோம். சேற்றில் தத்தித் தத்தித் தாவும் சிறு மீன்கள் எங்கள் காலடியில் சிதறி ஓடின. பிச்சாவரத்துக் கழிகளில் கண்ட அதே வகை மீன்கள். வேறு சமயமாயிருந்தால் குழந்தைகள் நகர்ந்திருக்கமாட்டார்கள். அன்று அவர்களும் ஓட்டமும் நடையுமாக வந்தனர்.

மேடையை அடைந்தபோது மணி பதினொன்றே முக்கால். கடல் மேடையையும் கடந்து அப்பால் விலகியிருந்தது. ஆயினும் மேடையின் ஓரமாக ஒரு சிற்றோடை போல வற்றுநீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மகன் அதில் ஒரு பூவை இட்டுப் பார்த்தார். பூ கடல்பக்கமே சென்றது. அவர் செம்பின் கட்டை அவிழ்த்துத் தாயின் கையில் கொடுத்தார், இருவருமாகக் கரைத்தனர். சாம்பல் அந்தப் பழுப்பு நீரில் சிறிது நேரம் வெண்மையாகத் தெரிந்து, பிறகு தெரியவில்லை. “நம்ம நவபாசாணம் மாதிரியே இருக்கு” என்று அம்மையார் சொன்னார். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைத்தான் அவர் குறிப்பிட்டார். அதன்பின் ஐந்து லிங்கங்களுக்கும் தாமே நீர் வார்த்தார். மேடையில் பாண்டவர் பெயரால் வழங்கும் சிறு குட்டையில் கைகால் அலம்பிக்கொண்டோம்.

ஒரு மணிக்குத் திரும்பத் தொடங்கினோம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது, சற்றுமுன் கடல்நோக்கி ஓடிய அந்த ஓடையில் நீர் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தது. ஓசை ஏதும் இல்லை. அதுவே எங்களை விரைவாக நடக்கச் செய்தது. கரையேறிய பிறகு அனைவரும் அமர்ந்து பார்த்தோம். நம் காலனிப் பையன் ஒருவன், கரையோரத்துக் கற்காரைத் தூணில் சாண் சாணாகக் கரிக்கோடு போட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஓதத்தில் ஒரு கணக்கு உண்டு: ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியிலும் கடைசி மணியிலும் நீர் மெல்ல ஏறும், நடுவிலுள்ள இரண்டு மணியில் மொத்தத்தில் பாதி ஏறிவிடும். 10 மீட்டர் ஏற்றமானால் இரண்டு மணி நேரத்தில் 5 மீட்டர். நிமிடத்துக்கு 4 சென்டிமீட்டர். அந்தப் பையனுடைய சாண் கோடு ஆறு நிமிடத்துக்கு ஒன்றாக மறைந்தது. கணக்கும் கடலும் ஒத்துப்போனதில் அவனுக்கு அளவிலா மகிழ்ச்சி. தட்டையான கரையில் உயரம் ஒரு சாண் ஏறுவதென்றால், நீர் முன்னேறும் தொலைவு பல அடி. அதனால்தான் அங்கே நின்று படமெடுத்துக்கொள்பவர்களைக் காவலர்கள் ஊதல் ஊதி விரட்டுகின்றனர். மாலை நான்கு மணிக்குக் கொடிமரத்தின் மேற்பகுதி தவிர வேறொன்றும் இல்லை.

நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கும்போது தேங்காய்க்காரர் எங்கள் ஊரைக் கேட்டார். இராமேசுவரத்துப் பக்கம் என்றோம். அவருடைய உறவினர் ஒருவர் அங்கே யாத்திரை போய்வந்தவராம். “அங்கே கடல் நகராமல் கிடக்கிறது என்று சொன்னாரே, உண்மையா?” என்று கேட்டார். உண்மைதான் என்றோம். அப்படியானால் மீனவன் எப்படித்தான் பிழைக்கிறான் என்று அவர் வியந்தார்.

மறுநாள் டையூ நோக்கிச் சென்றோம். வழியில் அலங் என்னும் ஊர்க்கரையைச் சாலையிலிருந்தே பார்த்தோம். 1983 முதல் பழைய கப்பல்களை உடைக்கும் இடம். பேரோதம் வரும் நாளில் கப்பலை முழு விசையோடு கரைமேல் ஏற்றிவிடுகின்றனர். நீர் வற்றியதும் கப்பல் தரையில் கிடக்கிறது. உலகின் பெரிய கப்பல்களெல்லாம் தாமே நடந்துவந்து தரையில் படுப்பதற்கு ஓதமே காரணம். அங்கே உழைப்பவர்களுடைய வாழ்க்கை தனியாகப் பேச வேண்டிய பொருள்.

டையூவில் ஓதம் இவ்வளவு பெரிதன்று. இரண்டு மீட்டரை ஒட்டியதே. ஆனால் அங்கே கரை சேறன்று, பாறை. ஃபுடம் என்னும் ஊரில் கடலோரப் பாறைப் பிளவுக்குள் கங்கேசுவரர் எழுந்தருளியிருக்கிறார். படியிறங்கிச் சென்றால் பாறை மேலே கவிந்து நிற்க, அதன்கீழ் அளவில் வேறுபட்ட ஐந்து லிங்கங்கள். இவற்றையும் பாண்டவர்களே நிறுவினர் என்பர். நாங்கள் சென்றபோது நீர் ஏறிக்கொண்டிருந்தது. அலை உள்ளே புகுந்து லிங்கங்களை முழுக்காட்டி, சாத்திய பூவையெல்லாம் வாரிக்கொண்டு திரும்பும். அடுத்த அலைக்குள் அர்ச்சகர் மீண்டும் பூச் சாத்துவார். திருச்செந்தூரில் வள்ளி குகையைக் கண்டவர்களுக்கு அந்தக் குளிர்ச்சியும் உப்பு மணமும் உடனே நினைவுக்கு வரும்.

அந்தப் பாறைக்கு மிலியோலைட்டுச் சுண்ணாம்புக்கல் என்று பெயர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத கடலுயிர்களின் ஓடுகளும் மணலும் சேர்ந்து இறுகியது. போர்பந்தர்க் கல் என்று வணிகர் கூறும் இக்கல்லைப் பம்பாயின் பழைய கட்டடங்கள் பலவற்றில் காணலாம். வெட்டுவதற்கு மென்மையான கல்லாதலால் கடலுக்கும் எளிதாகிறது. அலை மோதும்போது பாறை வெடிப்புக்குள் காற்று நெருக்குண்டு, அலை விலகும்போது சட்டென விரிகிறது. வெடிப்பு நாளடைவில் பெரிதாகிறது. அலை எறியும் கூழாங்கற்கள் அரைக்கின்றன. உப்பு உள்ளே உறைந்து கல்லை உதிர்க்கிறது. இவற்றுள் ஓதத்தின் பங்கு என்னவென்றால், அரம்பத்தை எந்த உயரத்தில் வைத்து அறுப்பது என்பதை அது நிர்ணயிக்கிறது. ஓதம் சிறிதானால் அறுப்பு ஒரே கோட்டில் ஆழமாக விழும். டையூவின் கரைப்பாறைகளில் அடிப்பக்கம் ஒரே மட்டத்தில் உள்வாங்கி, மேற்பாறை குடைபோல் நீண்டு நிற்பதைக் காணலாம். ஓதம் பெரிதானால் அறுப்பு பாறையின் முழு உயரத்திலும் பரவும்.

டையூக் கோட்டைக்கு அருகே நாய்டா குகைகள் என்று ஒன்றையும் காட்டுவர். ஒளி மேலிருந்து விழும் அழகிய இடம். ஆனால் 1535-இல் தொடங்கிய கோட்டைப் பணிக்காகப் போர்த்துகீசியர் கல்லெடுத்த இடமென்றே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அங்கே கங்கேசுவரத்தில் கண்ட வேலைப்பாட்டைத் தேட வேண்டா.

முழு உயரத்திலும் அறுக்கும் ஓதத்தைக் காண்பதற்குக் கனடா நாட்டின் ஃபண்டி விரிகுடாவுக்குப் போக வேண்டும். நம்மால் போக இயலாது, படித்ததைச் சொல்கிறோம். அங்கே வேறுபாடு 16 மீட்டர் வரை செல்கிறது; உலகிலேயே மிகுதி. அந்த விரிகுடாவின் நீர் ஒருமுறை முன்னும் பின்னும் அசைந்து முடிக்க ஏறத்தாழ 13 மணி நேரமாகிறது. ஓதம் வருவதோ 12 மணி 25 நிமிடத்துக்கொரு முறை. ஊஞ்சல் திரும்பிவரும் தருணத்தில் சரியாக ஒரு தள்ளு கொடுத்தால் ஊஞ்சல் மேலும் உயர்கிறதல்லவா? அதுவே அங்கு நடக்கிறது. செயின்ட் மார்ட்டின்ஸ் என்னும் ஊரில் செந்நிற மணற்பாறைச் சரிவில் பெருங்குகைகள் உள்ளன. வற்றத்தில் மக்கள் கூழாங்கல் பரப்பின்மீது நடந்து உள்ளே சென்று நிற்கின்றனர். ஏற்றத்தில் அதே குகை வாயிலில் சிறு படகுகள் மிதக்கின்றன. அதே விரிகுடாவிலுள்ள ஹோப்வெல் பாறைகள் அடி சிறுத்து, முடி பெருத்து, தலையில் மரங்களோடு பூந்தொட்டிகளைப் போல நிற்கின்றன. அவற்றுள் யானைப்பாறை எனப் பெயர்பெற்ற ஒன்று 2016 மார்ச்சில் ஒருபகுதி சரிந்து விழுந்தது. குகையைச் செய்யும் கையே அதை இடிக்கவும் செய்கிறது.

பஞ்சாங்கத்தில் நம்பிக்கையுள்ளவர்களுக்காக ஒன்று. 1868 நவம்பரில் சாக்ஸ்பி என்னும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, அடுத்த ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் சந்திரனின் நிலையால் மிகப்பெரிய ஓதம் வருமென்று இலண்டன் நாளிதழுக்கு எழுதினார். அந்த நாளுக்கு முந்தைய இரவில் ஃபண்டியில் புயலும் பேரோதமும் சேர்ந்து வந்து கரையூர்களை மூழ்கடித்தன. ஓதத்தை அவர் கணக்கிட்டது சரியே. புயல் சேர்ந்துகொண்டது தற்செயல் என்று பின்வந்தோர் கூறுகின்றனர். திதியைக் கொண்டு நீரைச் சொல்லலாம். காற்றைச் சொல்ல இயலாது.

வரும் கார்த்திகை அமாவாசைக்கு மறுநாள் மீண்டும் கோலியாக் செல்லச் செயற்குழு இசைந்துள்ளது. இம்முறை இரவே பாவ்நகர் சேர்ந்து தங்கி, காலை ஒன்பது மணிக்குள் கரையில் இருப்பதாக ஏற்பாடு. வருவோர் வாரில்லாத செருப்பைத் தவிர்த்து, பழைய ரப்பர்க் காலணி அணிக. சேறு செருப்பைத் திருப்பித் தராது. குடிநீரும் மாற்றுடையும் அவரவர் பொறுப்பு. சங்கத்தின் சார்பில் கைப்பிடியுள்ள நாற்காலிகள் இரண்டும், தூக்குவதற்கு மூங்கில் கழிகள் நான்கும் வாங்கியிருக்கிறோம். ஏற்கெனவே மூன்று வீட்டார் நாற்காலி வேண்டுமென்று சொல்லியிருக்கின்றனர். மற்றவர்கள் விஜயதசமிக்குள் சங்க அலுவலகத்தில் பெயர் பதிந்துகொள்ள வேண்டுகிறோம்.